அயர்லாந்துச் சேதி போதும்

ஆரணி
16-11-1978

அன்புள்ள உங்களுக்கு, சந்திரகலா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் உங்கள் அக்காவுக்குப் போட்ட கடிதம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

அங்கே அக்டோபர் கடைசி நாளில் ஏதோ பேய்ப் பண்டிகையாம். நீங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்கார நோரா அம்மாள் திராட்சை போட்ட ரொட்டி சுட்டு, அதற்குள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்துவைத்து, துண்டு போட்டுக் கொடுத்தார்களாம். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது அந்த ஊர் ஐதீகமாம். அது உங்கள் பல்லில் கடிபட்டதாம். "எனக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே, அப்படியானால் நம் வீட்டில் யாருக்கோ" என்று நீங்கள் வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போயும் போயும் உங்கள் அக்காவுக்கா எழுதுவீர்கள்?

மறுநாளே திருப்பாச்சூரிலிருந்து பஸ் ஏறி, தாம்பாளத்தில் பூவும் வெற்றிலையுமாக வந்து இறங்கிவிட்டார்கள். "ரொட்டியில மோதிரம் வந்துச்சாம்மே! தம்பி கையாலயே எழுதிக்கிறான், படிச்சிப் பாரு. அந்த ஊரு சாமியே உத்தரவு குடுத்துட்ச்சு. இதுக்கு மேல இன்னா ரோசனை? எம்புள்ள வரதனுக்கு உம்பொண்ணு கனகாவை முடிச்சிடலாம்" என்றார்கள்.

வரதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காக்களூரில் லேத் பட்டறையில் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவன்தான். முறை மாப்பிள்ளை, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கனகவல்லிக்குப் பதினெட்டுதான் ஆகிறது. வருகிற ஜூனில் திருவள்ளூரில் வாத்தியார் பயிற்சிக்குச் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "எனக்கு அத்தை மேல கோவமில்லம்மா, ஆனா இந்தக் கல்யாணம் வேணாம்" என்று என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே இது உங்களுக்குத் தெரியும்.

நான் சொன்னால் உங்கள் அக்கா காதில் ஏறாது. "நீ வந்தவ, தம்பி சொல்லட்டும்" என்கிறார்கள். ஆகவே கேட்கிறேன். பெண்ணைக் கொடுக்கிறோமா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதுங்கள். அதை உங்கள் அக்காவுக்கும் எழுதுங்கள்.

சந்திரகலா

*

லிமெரிக், அயர்லாந்து
5-12-1978

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் கவரைத் தாண்டி வெளியே வந்தது. இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பனியன் போட்டிருக்கிறேன். சோறு பொங்க நோரா அம்மாள் ஒரு பாத்திரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். மிளகாய்த் தூள் நெடிக்கு மட்டும் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்கிறார்.

கம்பெனி என்னைக் கற்றுக்கொள்ள அனுப்பிய மிஷின் நன்றாகக் கைக்கு வருகிறது. ஆகஸ்டில் திரும்பி வந்ததும் கும்மிடிப்பூண்டியில் இதே மிஷினை என்னை வைத்துத்தான் ஓட்டப்போகிறார்கள். ஆனால் நான் உனக்குச் சொல்லவந்தது வேறு. எங்கள் ஃபாக்டரி மதில் இருக்கிறதே, நூல் பிடித்தாற்போல் நேராக வந்து, ஓரிடத்தில் அரைவட்டமாக வளைந்து, மறுபடி நேராகப் போகிறது. ஏன் என்று பார்த்தால் உள்ளே ஒற்றையாக ஒரு முள்மரம், நம் ஊர் இலந்தை உயரம்கூட இராது. தனியாக நிற்கிற முள்மரம் மாயப் பெண்களுக்குச் சொந்தமாம். அதை வெட்டினவன் குடும்பம் விளங்காதாம். அதற்காகப் பாதையையே சுற்றிப் போட்ட ஊர்கள் உண்டாம். அதன் பூவை யாரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்களாம். மேனேஜர் பெரிய படிப்புப் படித்தவர், எப்போதும் வாயில் பைப். "நீங்கள் இதை நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். "சேச்சே, நம்பவில்லை. ஆனால் எதற்கு வம்பு?" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அக்கா விஷயம். அம்மா போனபோது எனக்கு என்ன வயது என்று உனக்குத் தெரியும். தன் தட்டில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு வளர்த்தவள். அவள் எதைக் கேட்டும் நான் இல்லை என்று சொன்னது கிடையாது. கனகா மனசும் முக்கியம்தான். யோசித்து எழுதுகிறேன். அதுவரை நீ பக்குவமாகப் பார்த்துக்கொள்.

பூவராகவன்

*

ஆரணி
28-12-1978

அன்புள்ள உங்களுக்கு,

நான் கேட்டது பெண்ணைப் பற்றி. நீங்கள் எழுதியது முள்மரத்தைப் பற்றி.

எதற்கு வம்பு என்கிற வேதத்தைப் படிக்க நீங்கள் அயர்லாந்து வரைக்கும் போயிருக்கவேண்டாம். இந்த வீட்டில் அதை மனப்பாடமாகச் சொன்னவர் நீங்கள்தான். கழனி வரப்பைப் பக்கத்துக்காரன் அரித்துக்கொண்டு வந்தபோது எதற்கு வம்பு. கம்பெனியில் உங்களுக்கு வரவேண்டிய ஃபோர்மேன் உத்தியோகத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தபோது எதற்கு வம்பு. வம்பையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் நல்லவர் என்று பேர் வாங்கிக்கொண்டு இருக்கிறீர்கள். பக்குவமாகப் பார்த்துக்கொள்ளவேண்டுமாம். என்ன பக்குவம், ஊறுகாய்ப் பக்குவமா?

உங்கள் அக்கா இந்த வாரமும் வந்தார்கள். மார்கழி என்பதால் தாம்பாளம் இல்லை, வாய் மட்டும்தான். "தை பொறந்ததும் நிச்சயம் வெச்சிக்கலாம். பொண்ணு படிச்சி இன்னா கலெக்டரா ஆகப்போவுது? தம்பி இல்லன்னு சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டானா? பேசாத இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்?" என்கிறார்கள். கனகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக்கூட வரவில்லை.

உங்கள் அக்கா உங்களுக்குச் சோறு போட்டார்கள், அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அந்தச் சோற்றுக்கு நம் பெண்ணா பதில்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மரம், மட்டை, மாயப் பெண் எதுவும் வேண்டாம்.

சந்திரகலா

*

லிமெரிக்
20-1-1979

அன்புள்ள சந்திராவுக்கு,

பொங்கல் அன்று நோரா அம்மாள் வீட்டு அடுப்பில் பால் பொங்கவிட்டேன். அவர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார்.

கல்யாணம் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கேயும் நம் ஆடி, மார்கழி மாதிரி ஒரு நோன்புக் காலம் உண்டு, ஈஸ்டருக்கு முன்னால். அப்போது கல்யாணம் கிடையாது. அதனால் நோன்பு தொடங்குவதற்கு முதல் நாளே இருக்கிற கல்யாணங்களையெல்லாம் அடித்துப் பிடித்து முடித்துவிடுவார்களாம். அதிலும் தப்பி உட்கார்ந்திருக்கிற பிரம்மச்சாரிகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தால், பையன்கள் பின்னால் வந்து முதுகில் சாக்பீஸால் கோடு இழுத்துவிடுவார்களாம். நோரா அம்மாளின் தம்பி ஓய்வுபெற்ற வாத்தியார், இன்னும் கல்யாணம் ஆகாதவர். அவர் கோட்டு முதுகில் இழுக்காத கோடே இல்லையாம்.

அந்த வாத்தியார் ஒரு பழைய சட்டம் சொன்னார், கேட்டு அசந்துபோனேன். ஒருவன் உனக்கு அநியாயம் செய்துவிட்டான், அவனோ உன்னைவிடப் பெரிய ஆள் என்று வைத்துக்கொள். நீ போய் அவன் வாசலில் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடலாம். அது அங்கே வெறும் அடம் இல்லை, சட்டம். நீ பட்டினியாக உட்கார்ந்திருக்கும்போது அவன் உள்ளே சாப்பிட்டால் அவன் மானம் போயிற்று, ஊரில் யாரும் அவன் பேச்சை மதிக்கமாட்டார்கள். நம் ஆட்கள் செய்கிற உண்ணாவிரதத்தை இந்தக் குளிர் தேசத்துக்காரர்கள் அந்தக் காலத்திலேயே சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள் பார். ஆனால் இன்னொரு பாதியும் உண்டு. வீட்டுக்காரன் வெளியே வந்து, "நியாயத்துக்குக் கட்டுப்படுகிறேன், இதோ ஈடு" என்று ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் உட்கார்ந்தவன் எழுந்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகும் அடம் பிடித்தால் அவன் வழக்கு தோற்றது.

அக்காவுக்கும் இதை எழுதினேன். இந்த மாதிரிக் கதை என்றால் அவளுக்கு உயிர். ஏர் லெட்டரில் இடம் தீர்ந்துபோனதால் முதல் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

மற்ற விஷயம் மனசிலேயே இருக்கிறது. அக்கா மனம் நோகாமல், கனகா மனமும் நோகாமல் ஒரு வழி தோன்றட்டும்.

பூவராகவன்

*

ஆரணி
14-2-1979

உங்களுக்கு,

உங்கள் அக்காவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முந்தாநாள் காலையில் பாயும் செம்புத் தண்ணீருமாக வந்து நம் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "உள்ள வாங்க அண்ணி, நாஷ்டா சாப்டலாம்" என்றேன். "நாஷ்டாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் இங்கதான் குந்திகினு இருக்கப் போறேன். நீ பொண்ணைக் குடுக்கறேன்னு சொல்ற வரைக்கும் பச்சைத் தண்ணிதான். தம்பி எழுதிக்கிறான், அங்கல்லாம் இதான் சட்டமாம். நான் பட்டினியா இருக்கசொல்ல நீ உள்ள துன்னீன்னா உன் மானம்தான் போவும்" என்றார்கள். உங்கள் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து, தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் காட்டினார்கள். ஐயோ, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீங்கள் மட்டும் எதிரே இருந்திருந்தால் சாணித் தண்ணீர் வாளி உங்கள் தலையில்தான்.

என்ன செய்வது? வயசான மனுஷி, சர்க்கரை வேறு. வாசலில் ஒருத்தி காய்ந்துகொண்டிருக்க உள்ளே எப்படிச் சோறு இறங்கும்? அயர்லாந்துக்காரன் சட்டம் போட்டா அது எனக்குத் தெரியவேண்டும்? அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கனகாவும் சாப்பிடவில்லை. தெரு முழுக்க வேடிக்கை. பக்கத்து வீட்டு தணிகாசலம், "இன்னாம்மா, ரெண்டு கட்சியும் உண்ணாவிரதம், இங்க யார்மா ஆளுங்கட்சி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

மத்தியானம் வெயில் ஏறியதும் உங்கள் அக்கா சுவரில் சாய்ந்துவிட்டார்கள். கனகா குடையை எடுத்துப்போய்ப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் பிடிவாதம் அத்தையிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இரண்டும் ஒரே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தன. "எத்தினி நேரம்மே நிப்ப, உள்ள போ" என்று அத்தை விரட்ட, "நீ எழுந்தா நானும் போறேன் அத்தை" என்று இவள். எனக்கு அழுகையா, சிரிப்பா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் உங்கள் கடிதத்தின் மறு பாதி ஞாபகம் வந்தது. உள்ளே போய், எங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தணிகாசலத்தைக் கூப்பிட்டு, அந்த மறு பாதியை எல்லோரும் கேட்க வாசிக்கச் சொன்னேன். அப்புறம் சொன்னேன். "அண்ணி, நான் நியாயத்துக்குக் கட்டுப்படறேன். உங்க தம்பி குடுன்னு எழுதினா, மறுபேச்சு இல்லாம குடுக்கறேன். இல்லன்னு எழுதினா நீங்க மறுபடி கேக்கக் கூடாது. அதுவரைக்கும் எங்க அம்மா வெளக்கு உங்க ஊட்ல ஈடா இருக்கட்டும்."

உங்கள் அக்கா என்னையும் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "இதை ஏன் தம்பி எனக்கு எழுதல?" என்றார்கள். இடம் இல்லாமல் போயிற்றாம் என்றேன். விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "சரிம்மே. ஆனா ஆனி பொறக்கறதுக்குள்ள பதில் வரணும். வரலன்னா சம்மதம்னுதான் நான் எடுத்துக்குவேன். ஆவணியில கல்யாணம்" என்று எழுந்துவிட்டார்கள். கஞ்சி மட்டும் குடித்துவிட்டு, விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பெண்ணைப் பணயம் வைத்துவிட்டாயே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், வைத்துவிட்டேன். உங்கள் வாயை நம்பி வைத்திருக்கிறேன். இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் நான் செய்ததில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதுங்கள்.

சந்திரகலா

*

லிமெரிக்
2-4-1979

அன்புள்ள சந்திராவுக்கு,

இங்கே பிப்ரவரி நடுவிலிருந்து தபால்காரர்கள் வேலைநிறுத்தம். உள்ளேயும் தபால் இல்லை, வெளியேயும் இல்லை. கம்பெனியின் லண்டன் ஆபீஸிலிருந்து மாதம் ஒரு தடவை ஒருவர் வருகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் கீழே இருக்கிற லண்டன் முகவரிக்கு எழுது, வரும்போது கொண்டுவந்து தருவார். ஜனவரியில் நான் எழுதியதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அக்காவுக்கு அந்தப் பட்டினிச் சட்டம் பிடித்திருந்ததா? இங்கே சேதி ஏராளம் சேர்ந்துபோய்விட்டது. ஜனவரி கடைசி நாளில் நோரா அம்மாள் ஒரு துணியைக் கொல்லையில் காயப்போட்டார். பிரிஜித் என்கிற புண்ணியவதி அன்றைக்கு ஊரைச் சுற்றி வந்து அதைத் தொட்டுவிட்டுப் போவாளாம். அந்தத் துணியைக் கட்டினால் தலைவலி போகுமாம். எனக்கும் கட்டிவிட்டார், போயேபோய்விட்டது. மார்ச்சில் பாட்ரிக் என்கிற மகான் பண்டிகை. எல்லோரும் பச்சை பச்சையாகக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அந்த மகானுக்கு முன்பு நீல நிறம்தான் என்கிறார் வாத்தியார்.

இன்னொன்று கேள். டெல்டவுன் என்று ஓர் ஊர். அங்கே அந்தக் காலத்தில் கதவில் இருக்கிற ஓட்டை வழியாகக் கையைப் பிடித்தால் கல்யாணமாம். ஒரு வருஷமும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்களாம். பிடிக்கவில்லையா, அங்கே ஒரு மேட்டில் முதுகோடு முதுகு நின்று, ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே நடந்துவிட்டால் தீர்ந்தது. கோர்ட்டும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை.

அக்காவுக்கும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன், பிரிஜித் துணி பற்றி. அவளுக்கும் தலைவலி உண்டே. கனகா எப்படி இருக்கிறாள்?

பூவராகவன்

*

ஆரணி
20-4-1979

உங்களுக்கு,

அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கையில் சேராத என் கடிதத்தில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் அக்கா நம் வாசலில் பட்டினியாக உட்கார்ந்தார்கள். நீங்களே பதில் சொல்வீர்கள் என்று வாக்குக் கொடுத்து, எங்கள் அம்மா விளக்கை ஈடாகக் கொடுத்து அனுப்பினேன். ஆனி பிறப்பதற்குள் நீங்கள் இல்லை என்று எழுதாவிட்டால் கனகவல்லி வரதனுக்கு.

இப்போது உங்கள் துணிக் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் அக்கா அதையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "பாத்தியா, எல்லாம் எழுதிக்கிறான், இல்லன்னு மட்டும் எழுதல. எனக்குத் தெரியும் எந்தம்பிய" என்றார்கள். தலையில் துணி கட்டியிருந்தார்கள். அதை வேறு அவிழ்த்து, கொல்லையில் காயப்போட்டு எடுத்த துணி என்று காட்டினார்கள்.

உங்கள் அக்கா உட்கார்ந்தது தப்பான வாசல். அநியாயம் செய்தவள் நான் இல்லை. அவர்களும் நானும் கனகாவும் மூன்று பேருமாக வந்து உட்காரவேண்டியது உங்கள் வாசலில்தான். வாய் திறக்காத மனுஷன் வாசலில். அந்த வாசலுக்கு வர எங்களுக்கு பஸ் இல்லை.

வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் நடக்கிற கதை எழுதினீர்கள். நீங்கள் ஏற்கெனவே வடக்கே போயாச்சு. நான் இன்னும் தெற்கே நடக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கனகா இப்போதெல்லாம் பயிற்சிப் பள்ளி பேச்சே எடுப்பதில்லை. நேற்று, "நைனா எழுத மாட்டார்மா. நீ அழாத. வரதன் மாமா நல்லவருதான்" என்றாள். என்னைத் தேற்றுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் உயிரோடு இருக்கிறேன்.

அயர்லாந்துச் சேதி போதும். ஒன்றும் வேண்டாம்.

சந்திரகலா

*

நியூரி, வட அயர்லாந்து
26-5-1979

சந்திரா,

இல்லை. பெண்ணைக் கொடுக்கவில்லை. கனகவல்லி படிக்கப் போகிறாள்.

இதை முதல் வரியில் எழுதவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை லண்டன் ஆள் கையில் வந்தது. சோற்றுக்கு உட்கார்ந்தபோது பிரித்தேன். அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை. நீங்கள் மூன்று பேரும் என் வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் நான் சாப்பிடக்கூடாது. நோரா அம்மாள் உடம்புக்கு என்ன என்று கேட்டார். வீட்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் லண்டன் ஆள் வரும் வரை காத்திருந்தால் ஆனி பிறந்துவிடும். எல்லையைத் தாண்டினால் வட அயர்லாந்து, பிரிட்டிஷ்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் தபால் ஓடுகிறது என்றார்கள். மேனேஜரிடம் லீவு கேட்டேன். மிஷினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், இப்போது முடியாது என்றார். நான் போகத்தான் போகிறேன் என்றேன். அவர் வாயிலிருந்து பைப்பை எடுத்துவிட்டார். என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நானே கேட்டதில்லை. ரயில் மாறி, பஸ் மாறி வந்தேன். எல்லையில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் என் பையைக் கொட்டிப் பார்த்தான். இரண்டு வெற்றுக் கவரும் ஒரு பேனாவும் இருந்தன. இதற்காகவா இவ்வளவு தூரம் என்றான். ஆமாம் என்றேன்.

அக்காவுக்கு எழுதத்தான் நேரம் பிடித்தது. தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, அங்கே இருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துப் பாவப்பட்டு எழுத்து வராதோ என்று உதவிக்கு வந்துவிட்டாள். கடைசியில் இப்படி எழுதினேன். "அக்கா, நீ பிசைந்து ஊட்டிய சோறு என் உடம்பில் இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் கேள். கனகாவைக் கேட்காதே. அவளைக் கொடுக்க மாட்டேன். சந்திரா சொல்லி எழுதவில்லை, நான் சொல்கிறேன்." அந்தக் கடைசி வரியை உனக்காகச் சேர்த்தேன். இத்தனை வருஷம் பழி எல்லாம் உன் மேல் விழுந்ததே, அதற்காக.

இரண்டையும் பெட்டியில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் போய்ச் சாப்பிட்டேன்.

பூவராகவன்

*

ஆரணி
8-6-1979

அன்புள்ள உங்களுக்கு, சந்திரகலா எழுதுவது.

நாங்கள் நலம். உங்கள் கடிதம் வந்த அன்று நானும் கனகாவும் அதை மாற்றி மாற்றிப் படித்தோம். முதல் வரியை மட்டும் அவள் எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. வண்டியைப் பிடித்து மறுநாளே திருவள்ளூர் போய் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நேற்று உங்கள் அக்கா வந்தார்கள். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சண்டைக்குத் தயாராகத்தான் நான் நின்றேன். விளக்கை இறக்கிவைத்துவிட்டு, உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். கண்ணீர் பட்டு மை கலங்கியிருந்தது. "சந்திரா, அவன் சின்ன புள்ளையில எதைக் குடுத்தாலும் துன்னுவான். பசிக்குதான்னு கேட்டா இல்லம்பான், பசியோடவே தூங்குவான். வாயத் தொறந்து ஒண்ணு வேணும், ஒண்ணு வேணாம்னு சொன்னதில்ல. இப்பதான்மே சொல்லிக்கிறான். எம்மேல கோவிச்சிக்க மாட்டேன்னு நம்பிதானே சொல்லிக்கிறான்?" என்றார்கள்.

ஆமாம் அண்ணி என்றேன்.

"வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன். வரதனுக்கு எங்கியாவது பாப்போம். இப்ப பசிக்குது, சோறு போடு" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தன் தட்டில் இருந்த நடுத்துண்டைக் கனகா தட்டில் தள்ளிவிட்டார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். சாயந்திரம் அந்த விளக்கை நாங்கள் மூன்று பேருமாகத்தான் ஏற்றினோம்.

லீவு இல்லாமல் போனதற்கு மேனேஜர் என்ன சொன்னார்? வேலைக்கு ஒன்றும் இல்லையே? வம்பு வந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் திருப்பியும் பார்த்துவிட்டேன். மரம் இல்லை, மகான் இல்லை, நோரா அம்மாள் தம்பி முதுகில் கோடு இல்லை. வீடே வெறிச்சென்று இருக்கிறது. கனகா கேட்கிறாள், உங்கள் மதிலுக்குள் இருக்கிற முள்மரம் பூத்ததா என்று. உங்கள் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா வெவரமா எழுதச் சொல்லு" என்கிறார்கள்.

எழுதுங்கள். இந்தத் தடவை இடம் தீர்ந்துபோயிற்று என்று நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு தாள் வாங்குங்கள்.

சந்திரகலா